திருப்பி அனுப்பக் காரணம்

அந்த வீட்டுக்கு ஒரு கரண்டி உப்பு கேட்டுப் போவதென்றாலும் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "மூணு நிமிஷம்க்கா" என்று குரல் வரும். மூன்று நிமிஷமென்றால் மூன்றேதான். அதுவரை வாசலில் நின்று எதிர்ச் சுவரில் காரை பெயர்ந்த இடங்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். நான் எண்ணியிருக்கிறேன். பதினேழு.

நிமிஷக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது நானில்லை, மேல்மாடி டீச்சர். நான் பரப்பியதோடு சரி.

என் சமையலறை ஜன்னலும் அவர்கள் கூடத்து ஜன்னலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பவை. நடுவில் காற்றுக்காக விட்ட இரண்டு கை அகல இடைவெளி. நான் எட்டியெல்லாம் பார்ப்பதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டி அங்கேதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கழுவ முடியாது. அப்படிக் கழுவிய வகையில் எனக்குத் தெரிந்தது இது: அவள் செய்வது கம்ப்யூட்டரில் துண்டு வேலை. எந்த நாட்டுக்காரனுக்கோ எதற்கோ. ஒரு தெருப் படம் வரும், அதில் சைக்கிள்களைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். யாரோ இருமிக்கொண்டே பேசியது வரும், அதைக் கேட்டு அடிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் இத்தனை நிமிஷம் என்று கணக்கு. திரையின் மேல் மூலையில் ஒரு நம்பர் பின்பக்கமாக ஓடும். அது பூஜ்யமானால் வேலை கையை விட்டுப் போய் வேறு யாருக்கோ விழும். இவள் பெயரில் ஒரு கரும்புள்ளி.

இதுவரை எனக்குப் புரிந்தது. புரியாதது இன்னொன்று. சீக்கிரமாக முடித்தாலும் குற்றமாம். பத்து நிமிஷ வேலையை மூன்று நிமிஷத்தில் அனுப்பினால், பார்க்காமலே போட்டிருப்பாள் என்று தள்ளிவிடுவார்களாம். அதனால் முடித்த வேலையை அனுப்பாமல் அப்படியே வைத்திருப்பாள். அதற்கு அந்த வீட்டில் ஊறப் போடுவது என்று பெயர்.

"வாங்கக்கா, ரெண்டு ஊறுது" என்றால் ஐந்து நிமிஷம் அவள் நம்முடையவள். அந்த ஐந்து நிமிஷத்தில் வெங்காயம் நறுக்குவாள், துணி உலர்த்துவாள், என்னோடு ஊர்வம்பு பேசுவாள். பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடிப் போய் அமுக்கிவிட்டு வந்து மீதியைச் சொல்வாள். அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் ஊறுகிற நேரத்தில்தான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனைத்தான் சொல்ல வேண்டும். அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்தது நான். பதினெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் ஒரு லிஃப்டைப் பார்க்க இருபத்தைந்து நிமிஷம் என்று விதி. மற்றவர்கள் ஒரு நாளைக்கு ஒன்பது பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள், இவர் நாலு. கதவில் காதை வைத்துக் கேட்பார். கீழே இறங்கி அழுக்கைத் தொட்டு முகர்ந்து பார்ப்பார். கம்பெனிக்காரன் எத்தனை நாள் பொறுப்பான்? பத்து மாதமாக வீட்டில் இருக்கிறார். பூண்டு உரிப்பார். ஒவ்வொரு பல்லையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் போடுவார். பீன்ஸ் நறுக்கினால் அளவுகோல் வைத்த மாதிரி இருக்கும், சாப்பாடுதான் மூன்று மணிக்கு வரும்.

ஆக, அந்த வீட்டு அரிசியும் வாடகையும் அவளுடைய அந்த ஓடுகிற நம்பரில்தான் இருந்தது.

போன மாதம் தெருவைத் தோண்டுகிறவர்கள் இன்டர்நெட் கேபிளை அறுத்து வைத்தார்கள். இரண்டு நாள் லைன் இல்லை. அவள் எடுத்து வைத்திருந்த பதினொரு வேலை அப்படியே காலாவதி. லைன் வந்ததும் ஒரு கடிதமும் வந்தது. அதை எனக்கு அவள் படித்துக் காட்டியபோது முகத்தில் ஒன்றுமில்லை. கால் மட்டும் தரையில் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

"ஏழு நாள் கண்காணிப்பாம்க்கா. இந்த ஏழு நாள்ல மூணு வேலை காலாவதியானாலோ, நானா திருப்பி அனுப்புனாலோ, கணக்கை மூடிடுவாங்களாம்."

"மூடினா இன்னொண்ணு தொறந்துக்க வேண்டியதுதானே."

"ஒரு ஆளுக்கு ஒரு கணக்குதான். மூடினா மூடினதுதான். மூணு வருஷமா இதுல மார்க் ஏத்தி ஏத்தி வச்சிருக்கேன்க்கா."

"இவர் பேர்ல?"

அவள் உள்ளே பார்த்தாள். நிதானம் கேரட்டைக் கழுவிக்கொண்டிருந்தார், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி.

"இவர் பேர்லயா" என்றாள்.

கண்காணிப்பின் இரண்டாம் நாள் அவளுக்குப் பல்வலி தாங்க முடியாமல் போயிற்று. கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. பல் டாக்டர் பக்கத்துத் தெருதான். இரண்டு படத்தை முடித்து ஊறப் போட்டுவிட்டு, புருஷனை நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் பாத்திரத் தொட்டியருகே நின்றிருந்தேன்.

"இங்க பாருங்க. இந்த நம்பர் ரெண்டு வந்ததும் இதை அமுக்குங்க. அப்புறம் அடுத்ததுக்குப் போயி அதையும் அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க."

"சரி."

"என்ன சொன்னேன், சொல்லுங்க."

"ரெண்டு வந்ததும் அமுக்கணும்."

"தொடாதீங்க."

"அமுக்கணும்னா தொடணுமேம்மா."

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு திரும்பி வந்தபோது அவர் இன்னும் திரைக்கு முன்னால்தான் இருந்தார். மூக்கு திரையில் இடிக்கிற தூரம்.

"அனுப்பினீங்களா?" என்றாள். பஞ்சு இருந்ததால் 'அனுப்பிழீங்களா' என்று வந்தது.

"நீ ஒரு எடத்துல சைக்கிளோட நிழலுக்கும் சேர்த்துக் கட்டம் போட்டிருந்தே. அதைச் சரி பண்ணேன். ரெண்டாவதுல ஒரு சைக்கிள் மரத்துக்குப் பின்னால பாதி தெரியுது, அதை விட்டுட்டே."

"அனுப்பினீங்களா?"

"சரி பண்ணிட்டு அமுக்கினேன். காணாம போச்சு."

அவள் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ரெண்டுமா?"

"ரெண்டாவதும் சரி பண்ணிட்டுத்தான் அமுக்கினேன்."

அடித்தாளா, கத்தினாளா என்று கேட்காதீர்கள். நானும் பாத்திரத்தைக் கையில் வைத்தபடி அதற்குத்தான் காத்திருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து, "தப்பா இருந்தாலும் வாங்கிக்குவாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "நேரத்துக்கு வராததைத்தான் வாங்கிக்க மாட்டாங்க."

"தப்புன்னு தெரிஞ்சு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"கையெழுத்தெல்லாம் யாரு கேட்டாங்க?"

அவர் எழுந்து போய்ப் பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டார். இன்னும் ஒன்று போனால் கணக்கு மூடல். அன்றிலிருந்து அவருக்கு அந்த மேஜைப் பக்கம் தடை.

அடுத்த மூன்று நாளும் அந்த வீட்டில் யாரும் சரியாக உட்காரவில்லை. வானம் மூடிக்கொண்டு மழையும் பெய்யாமல், காற்றும் இல்லாமல், துணி காயாமல் கிடந்தது. கீழே தோண்டுகிற இயந்திரம் திரும்ப வந்துவிட்டது. அது உறுமினால் அவள் மோடத்தின் பச்சை விளக்கைப் பார்ப்பாள். உறுமல் நின்றால், நின்றதே என்று பார்ப்பாள். ஊறப் போடுவதையே நிறுத்திவிட்டாள். ஒன்றை எடுப்பது, முடிப்பது, கையைக் கட்டிக்கொண்டு நம்பரையே பார்த்திருப்பது, அமுக்குவது. என்னோடு பேச்சு அற்றுப் போயிற்று. எனக்கு வீட்டில் சோறே இறங்கவில்லை, விஷயம் தெரியாமல்.

ஆறாம் நாள் மத்தியானம் அவர்களுடைய வடிகட்டியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போனேன். அந்த வடிகட்டி என்னிடம் நாலு மாதமாக இருந்தது. அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

"உக்காருங்கக்கா, பேசாதீங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். காலையிலிருந்து லிஃப்ட் வீடியோவாக வந்துகொண்டிருக்கிறதாம். ஏதோ கட்டடத்தின் கீழ்த்தளம், மேலே ஒரு கேமரா, எதிரே லிஃப்ட் கதவு. பன்னிரண்டு வினாடி ஓடும். கதவு எந்த வினாடியில் திறந்தது, எத்தனை பேர் வெளியே வந்தார்கள், எத்தனை பேர் ஏறினார்கள், இவ்வளவுதான் கேள்வி. நாலு நிமிஷம். சுலபமான வேலை. அவளும் சற்றுத் தெளிந்த முகமாகத்தான் இருந்தாள்.

நிதானம் சமையலறை வாசலில் நின்றிருந்தார். மேஜைப் பக்கம் தடை என்றாலும் கண்ணுக்குத் தடையில்லையே. கையில் பாதி உரித்த முட்டை.

"அதை இன்னொரு தரம் போடு" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்க. அனுப்பப் போறேன்."

"நேரம் இருக்கில்ல? போடு."

இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. போட்டாள். ஒரு பெண் லிஃப்டிலிருந்து வெளியே கால் வைக்கிறாள், தடுக்குகிறாள், சமாளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

"தரை சமமா நிக்கலை பாரு. பெட்டி ஒரு சாண் கீழ நிக்குது. அதான் தடுக்குது."

"சரி, நிக்கட்டும். ஒரு ஆள் வெளிய, பூஜ்யம் ஆள் உள்ள." அமுக்கிவிட்டாள்.

அடுத்தது வந்தது. அதே லிஃப்ட். கதவுக்கு மேலே ஏழு என்று பெயிண்டில் எழுதியிருந்தது. இரண்டு ஆண்கள் ஏறுகிறார்கள். நிதானம் மேஜைக்கே வந்துவிட்டார்.

"முதல் ஆள் ஏறும்போது பாரு. இப்ப ரெண்டாவது ஆள். கீழ எறங்குது பாத்தியா? ரெண்டு விரக்கடை எறங்குச்சு."

எனக்கும் தெரிந்தது. சொல்லாமலிருந்தால் தெரிந்திருக்காது. ஆள் கால் வைத்ததும் பெட்டி படகு மாதிரி அமுங்கியது.

"பிரேக் வழுக்குது" என்றார். "நிக்கிற எடத்துல நிக்க முடியலை அதால. இன்னிக்கு ரெண்டு விரக்கடை. ஒரு நாள் கதவு தொறந்திருக்கும்போதே மொத்தமா நழுவும். ஒருத்தன் பாதி உள்ள, பாதி வெளிய இருப்பான்."

"அங்க பாத்துக்க ஆள் இருப்பாங்க."

"பதினெட்டு வருஷம் நான்தானே அந்த ஆளு. இருபத்தஞ்சு நிமிஷத்துல இது கண்ணுக்குத் தெரியாதும்மா. நாலு தரம் ஏறி எறங்கினாத்தான் தெரியும். எவன் ஏறி எறங்கறான்?"

"இப்ப நான் என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"எழுதி அனுப்பு. கீழ எங்கயாச்சும் எழுத எடம் இருக்கா?"

"கிடையாது. கேட்டதுக்குப் பதில் மட்டும்தான்." இரண்டு ஆள் உள்ளே என்று போட்டு அமுக்கினாள்.

"எங்கயுமே எழுத எடம் இல்லையா?"

நிமிஷக்காரி பதில் சொல்லத் தாமதித்து நான் பார்த்ததில்லை.

"இருக்கு" என்றாள் கடைசியில். "சிவப்பா ஒரு பட்டன். வேலையைத் திருப்பி அனுப்பறதுக்கு. அதை அமுக்கினா, திருப்பி அனுப்பக் காரணம் என்னன்னு ஒரு பெட்டி வரும். அதுல தமிழ்லயே எழுதலாம்."

"எழுதேன்."

"திருப்பி அனுப்பினா மூணாவதுங்க."

தோண்டுகிற இயந்திரம் நின்றது. அவள் மோடத்தைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்து, "ஏன் தம்பி, எந்த ஊர்ல இருக்கிற லிஃப்டோ. நமக்கு என்ன தெரியும்? ஒருவேளை பழைய வீடியோவா இருக்கும்" என்று சொல்லிவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்று எதற்கு இருக்கிறேன்.

"இருக்கலாம்க்கா" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். முட்டையோடு உள்ளே போய்விட்டார்.

"பாத்தீங்களாக்கா?" என்றாள் அவள். "ஒரு வார்த்தை கத்த மாட்டார். கத்தினாலாவது திருப்பிக் கத்தலாம். ராத்திரி சாப்பாட்டைத் தொட மாட்டார், கேட்டா பசியில்லம்பார். நாளைக்கு ஒரு நாள்தான்க்கா இருக்கு. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி. தாண்டிட்டா போதும்."

சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுத்தாள்.

அதே ஏழாம் நம்பர். கதவு திறந்தது. உள்ளே ஒரு கிழவர் மட்டும். கையில் தடி. அவர் வெளியே கால் வைக்கவில்லை. தடியை நீட்டித் தரையைத் தேடினார். தடி எதிரே முட்டியது. மேலே தூக்கினார், தேடினார். இன்னும் கொஞ்சம் மேலே. காலைத் தூக்கினார். பன்னிரண்டு வினாடி முடிந்துவிட்டது.

கேள்வி வந்து நின்றது: எத்தனை பேர் வெளியே வந்தார்கள்?

"பூஜ்யம்னு போடு" என்றேன்.

"காலைத் தூக்கிட்டாரேக்கா."

"அப்ப ஒண்ணுன்னு போடு."

திரும்ப ஓட்டினாள். தடி முட்டியது, தேடியது, கால் தூக்கியது, நின்றது. மூன்று நிமிஷம் பத்து. திரும்ப ஓட்டினாள். இரண்டு நிமிஷம் நாற்பது. கிழவரின் கால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அந்தரத்தில் நின்றது. அவளுடைய கால் தட்டுவதை நிறுத்தியிருந்தது. ஒன்று முப்பது.

"ஏதாச்சும் ஒண்ணைப் போட்டு அனுப்புடி" என்றேன். "தப்பா இருந்தாலும் வாங்கிக்குவாங்கன்னு நீதானே சொன்னே."

ஐம்பது வினாடி இருக்கும்போது சிவப்பை அமுக்கினாள்.

மூலையிலிருந்த நம்பர் மறைந்துவிட்டது. நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். "வந்து எழுதுங்க."

அவர் வந்து நின்று திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அமுக்கிட்டியா?"

"எழுதுங்க."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"இதுக்கு நேரம் கிடையாது."

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த மனுஷன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, துடைத்துக்கொண்டு, நாற்காலியைச் சரிபண்ணிக்கொண்டு, இரண்டு விரலால் நாற்பது நிமிஷம் எழுதினார். நான் நகரவில்லை, அடுப்பில் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன். இருந்தது.

"பெருமதிப்பிற்குரிய ஐயான்னு போடட்டுமா?"

"போடுங்க."

"பொம்பளையா இருந்தா?"

"அம்மாவும் போடுங்க."

அவள்தான் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தாள். மடித்த துணியை உதறித் திரும்ப மடித்தாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமல் வந்தாள். வந்து வந்து திரையின் மேல் மூலையைப் பார்ப்பாள், அங்கே ஒன்றுமில்லை. ஓடுகிற நம்பர் இல்லாத இடத்தில் அவளுக்கு எப்படி நிற்பதென்றே தெரியவில்லை.

"முடிஞ்சுது" என்றார் அவர். "தப்பிருக்கான்னு பாரு."

படித்தாள். நானும் தோளுக்கு மேலாகப் படித்தேன். பிரேக்கின் வகை, தேய்மானம், அவர் பார்த்த இரண்டு வீடியோவிலும் நாங்கள் சொன்ன மூன்றாவதிலும் பெட்டி எவ்வளவு கீழே நின்றது, எந்த வினாடியில் எத்தனை இறங்கியது, செய்ய வேண்டிய சோதனைகள் ஒன்று முதல் ஆறு, கடைசியில் அவர் பெயர், பழைய லைசென்ஸ் நம்பர். லிஃப்டை நிறுத்துங்கள் என்பது இருபத்து மூன்றாவது வரியில் இருந்தது.

"நல்லா இருக்கு" என்றாள். "ஆனா யாரும் படிக்க மாட்டாங்க."

"ஏன்?"

"இதைப் படிக்கிறதும் என்னை மாதிரி ஒருத்திதாங்க. அவளுக்கும் மூலையில ஒரு நம்பர் ஓடும். ஒரு நாளைக்கு இந்த மாதிரி முந்நூறு பெட்டி பாக்கணும் அவ."

"எவ்வளவு நேரம் குடுப்பாங்க அவளுக்கு?"

"அரை நிமிஷம் குடுத்தா பெருசு. ஐயாவைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிருவா."

அவர் தன் நாற்பது நிமிஷத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார்.

அவள் அவர் எழுதியதற்கெல்லாம் மேலே, முதல் வரிக்குப் போய் அடித்தாள். விரல் போன வேகத்தை அன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "அக்கா, கடிகாரத்தைப் பாருங்க" என்றாள். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தாள்:

"இந்த லிஃப்டை உடனே நிறுத்துங்க. கதவு மேல ஏழுன்னு எழுதினது. பிரேக் வழுக்குது, ஆள் ஏறினா கீழ எறங்குது. எழுதறவர் பதினெட்டு வருஷ லிஃப்ட் மெக்கானிக்."

"பதினோரு செகண்டு" என்றேன்.

"மத்ததை அழிச்சிருவியா?" என்று கேட்டார் அவர்.

"அழிக்கலை. கீழ இருக்கட்டும். நின்னு படிக்கிற ஆளா இருந்தா படிக்கட்டும்."

அனுப்பினாள். வெள்ளைப் பெட்டி போயிற்று. கணக்கு மூடப்பட்டது என்ற கடிதம் வருவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷத்துக்கு நாலு வரி. அதில் ஏழாம் நம்பரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"படிச்சாங்களா?" என்றார் நிதானம்.

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில கம்பெனிக்குப் போறேன். கேட்டுப் பாக்கறேன். இருபத்தஞ்சு நிமிஷத்துல ஒண்ணுன்னு ஒத்துக்கறேன்."

"வேணாம்" என்றாள். "உங்களால முடியாது. முடியாததுக்கு ஒத்துக்காதீங்க." திரையை மூடினாள். "வேற கம்பெனி இல்லாமயா போச்சு? நாப்பது நிமிஷம் குடுக்கிற எடமா பாருங்க."

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, மனசுக்குள் ஒரு லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"நாப்பத்தஞ்சு" என்றார்.